மாத்திரையா, கத்தியா?

சிங்கப்பூர் ரயிலில் பாதி இருக்கை காலி. சரத் உட்காரமாட்டார். கதவோரம் நின்று, கைப்பேசியில் தாமே போட்டுவைத்த அட்டவணையைத் தேய்த்துக்கொண்டே வருவார். ஒரு பக்கம் ‘மாத்திரை’, மறுபக்கம் ‘ஆப்பரேஷன்’. ஆங் மோ கியோவில் ஏறும்போது ஆப்பரேஷன் ஜெயிக்கும். சாங்கி வருவதற்குள் மாத்திரை முந்திவிடும்.

வயது முப்பத்தொன்பது. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. எந்தப் பெட்டியை எங்கே வைத்தால் பாரம் சரியாக இருக்கும் என்று கண்ணளவிலேயே சொல்லிவிடுவார். சொந்த விஷயத்தில்தான் தடுமாற்றம்.

கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. பரிசோதனையில் மனைவி வைஷாலிக்கு ஒரு குறையும் தெரியவில்லை; இவருக்கு விந்தணு குறைவு. விதைப்பைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஹார்மோன் குறைந்திருந்தால் மாத்திரை கொடுக்கலாம், இவருக்கு அது சரியாகவே இருப்பதால் மாத்திரையால் பயனில்லை. ஆப்பரேஷன் செய்தால் எண்ணிக்கை கூடலாம். உறுதி சொல்ல முடியாது, பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம், சில வாரம் பாரம் தூக்கக் கூடாது. இதைக் கேட்டு எட்டு மாதமாகிறது.

எட்டு மாதமும் கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டுவிட்டார். “என் கூட்டாளி ஒருத்தனுக்கு லா...” என்று ஆரம்பிப்பார். கூட்டாளியின் பேரைச் சொல்லித் தேக்கா நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூனைக்காலிப் பொடியைத் தாமே பாலில் கலந்து குடித்தார். கூட வேலை பார்க்கும் அதீஃப் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “உன் கூட்டாளி இந்நேரம் ஆப்பரேஷன் முடிச்சு வீட்டுக்கே போயிருப்பான் லா!” என்றார். சரத் கழிவறைக்குப் போவதுபோல் நழுவினார்.

பயனில்லை என்றாலும், மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கலாம். கத்தி வைத்தால் எம்சி என்று மருத்துவ விடுப்பு எடுக்க வேண்டும். பெட்டி தூக்காமல் நின்றால் நாலு பேர் ஏன் என்பார்கள். சொந்தபந்தம் முழுக்கக் குறை வைஷாலிக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியும். வைஷாலி ஒரே ஒருமுறைதான் சொன்னார்: “முப்பத்தாறு ஆச்சுங்க. நீங்க கணக்குப் போடுற வரைக்கும் என் வயசு நிக்குமா?”

போன ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் மேராவில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், மங்களம் அத்தையின் மகள் ரக்ஷனாவுக்கு வளைகாப்பு. பிள்ளையில்லாதவளைக் கர்ப்பிணியின் பக்கத்தில் உட்காரவைத்து வளையல் போட்டால் அடுத்து அவளுக்குத்தான் என்பது வழக்கம். வைஷாலிக்கு இது ஐந்தாவது தடவை. “வாம்மா, உடம்ப ஒழுங்கா பாத்துக்கிட்டா ஏன் நிக்காது?” என்று ஊர் கேட்கச் சொன்னார் அத்தை. வைஷாலி சிரித்த முகமாகவே கையை நீட்டினார். கண்ணாடி வளையல் விரல் முட்டியில் சிக்கியது, அத்தை அழுத்தினார்.

சாப்பாட்டு மேசையருகே நடை போட்டுக்கொண்டிருந்த சரத், தட்டைக் கீழே வைத்தார். பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“அத்தை, அவளுக்கு ஒண்ணும் இல்ல. குறை எனக்குத்தான். ஆப்பரேஷன் பண்ணிக்கப் போறேன்.”

மங்களம் வளையலைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்தார். சரத் சட்டைக் கையை முழங்கை வரை மடக்கி, குனிந்து, மனைவியின் கைக்குப் பக்கத்தில் தம் கையை நீட்டினார்.