பத்து என்று ஒட்டியிருந்த பெட்டி

அந்த வீட்டில் எழுத்தைப் பார்த்து எதையும் நம்ப முடியாது. சமையலறைக் கதவில் 'ஆண்கள்' என்று இருக்கும். துணி அலமாரியில் 'அவசர வழி'. தண்ணீர் டிரம்மின் மூடியில் 'டீசல் மட்டும்'. வண்டிக் கதவுக்கும் கடைக் கண்ணாடிக்கும் ஸ்டிக்கர் எழுத்து வெட்டிக் கொடுப்பது அந்த வீட்டுக்காரியின் பிழைப்பு. அளவு தப்பியதும், சொன்ன ஆள் வந்து வாங்காமல் போனதும் மிஞ்சிவிடும். நன்றாக வெட்டி வந்த எழுத்தைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. வீட்டில் எங்கே கீறல், எங்கே துரு என்று பார்த்து ஒட்டிவிடுவாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், "என் நெத்தி ஒண்ணுதான் பாக்கி" என்பார். தெருவுக்கே அவள் ஸ்டிக்கர் அக்கா.

முன்னறைதான் பட்டறை. மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி, பக்கத்தில் வெட்டும் மெஷின், சுவரோரம் கலர் கலராய் ரோல்கள். கம்ப்யூட்டரில் எழுத்தை அவள் வடிவமாக்குவாள். மெஷினின் பிளேடு அதைப் பார்த்து ஸ்டிக்கர் தாளைக் கீறும். பிறகு வேண்டாத துண்டுகளை ஊசியால் உரித்தெடுக்க வேண்டும். சுழிகளுக்குள் மாட்டிக்கொண்ட பொடித்துண்டைக்கூட எழுத்து கிழியாமல் எடுக்க அவளைப் போல ஆள் கிடையாது. ஆனால் மெஷின் கிழடு தட்டிவிட்டது. வளைவுகளெல்லாம் எலி கடித்த மாதிரி வந்தன.

ஆட்களை ஏற்றிப் போகிற வேன் கம்பெனி ஒன்று பெயரை மாற்றிய நேரம் அது. எல்லா வண்டிக் கதவிலும் புதுப்பெயர் வேண்டும். ஒரு கதவுக்கு மாதிரி வெட்டிக் காட்டுங்கள், சரியாக இருந்தால் இனி எங்கள் வேலையெல்லாம் உங்களுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். மற்ற கடைக்காரர்களெல்லாம் அச்சடித்த படத்துக்குத் தாவிவிட்டார்கள். எழுத்து வெட்டக் கேட்டு வாசல் ஏறுகிறவர்கள் அருகிவிட்டார்கள். இந்த வேலை வந்தால் முன்னறை பட்டறையாக இருக்கும். வராவிட்டால் வெறும் முன்னறை. அவளுக்கு அது தெளிவாகவே தெரிந்தது.

யோசித்து யோசித்து, பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதிதை எடுப்பது என்று முடிவு செய்தாள். மெஷின் கம்பெனியிலிருந்து பேசிய பெண் அறையின் அகலம், கரண்ட் எல்லாம் விசாரித்துவிட்டு, கம்ப்யூட்டரில் விண்டோஸ் எந்த வெர்ஷன் என்று கேட்டாள். இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தாள். பெட்டியின் விலாவில் நீல எழுத்தில் 'விண்டோஸ் 10' என்றிருந்தது.

"பத்தும்மா" என்றாள்.

புது மெஷினை இறக்கிய வண்டியிலேயே பழையதை ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று மதியமே இணைத்துப் பார்த்தாள். உங்கள் வெர்ஷனில் இது ஓடாது என்று திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. அணைத்துப் போட்டாள். ஒயரைப் பிடுங்கி முனையைத் துடைத்துச் செருகினாள். கட்டம் அசைவதாக இல்லை. போன் செய்தாள்.

"அக்கா, கீபோர்டுல ஜன்னல் படம் போட்ட பட்டன் இருக்கா? அதையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்க. கட்டம் வரும். அதுல வின்வெர்னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுங்க" என்றாள் அந்தப் பெண்.

ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது.

"ஏழுன்னு போட்டிருக்கும்மா. கீழ ஆறு புள்ளி ஒண்ணுன்னும் இருக்கு."

"அது ஏழுதான்க்கா. உள்ளுக்குள்ள அப்படித்தான் நம்பர் காட்டும். இந்த மெஷின் ஓட பத்து வேணும்."

"பெட்டி மேல பத்துன்னு இருக்கேம்மா."

"யாருக்கா ஒட்டினது?"

அவள் குனிந்து அந்த நீல எழுத்தைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர், தெருவில் எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுகிறவர், தான் சரிசெய்து விற்கும் பெட்டிகளுக்காக அந்தச் சின்ன ஸ்டிக்கரை ஒரு தாள் நிறைய வெட்டி வாங்கியிருந்தார். ஒன்று மிஞ்சியது. இவள் பெட்டியில் ஸ்டூல் கால் இடித்து ஒரு கீறல் இருந்தது. வெட்டியதும் அவள், ஒட்டியதும் அவள்.

பள்ளிப் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு வந்த கணவர் கதையைக் கேட்டுச் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு, பழைய மெஷினைத் திருப்பிக் கேட்கப் போன் செய்தார். அதைப் பாகம் பாகமாகக் கழற்றியாகிவிட்டது என்றார்கள்.

டாக்டர் வந்து பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார். "பத்தை ஏத்திடலாம்க்கா. தாத்தாவை ஓட்டப் பந்தயத்துல விட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றார். மறுநாள் மத்தியானம் விண்டோஸ் பத்து ஏறிவிட்டது. மெஷினையும் அடையாளம் கண்டுகொண்டது. பிளேடு, வேன் கம்பெனிப் பெயரின் முதல் எழுத்தை வெண்ணெயில் கீறுவது போல வெட்டியது. இரண்டாவது எழுத்தின் பாதியில் அப்படியே நின்றது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. துண்டு துண்டாக அனுப்பிப் பார்த்தாள். விட்ட இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தொடங்கியது. வேறு பெட்டி ஏதாவது இரவலாகத் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டாள்.

"எங்கிட்ட இருக்கறதெல்லாம் இதோட கூடப்பொறந்ததுக்கா. மெயில் பார்க்கும், படம் பார்க்கும். மெஷின் ஓட்டாது" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

புதுசு வாங்க வழியில்லை. இருந்ததெல்லாம் மெஷினுக்குப் போயாயிற்று. பேனாக் கத்தியை எடுத்து, கதவளவுக்குப் பெயரைக் கையாலேயே வெட்டினாள். விரல் மரத்துப்போனது. மேனேஜர் வந்து வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"கை வேலை அழகாத்தான் இருக்குக்கா. ஆனா எல்லா வண்டியும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கணும். இதை எப்படி நான் மேல சொல்றது?"

வேலை அடுத்த தெரு அச்சகத்துக்குப் போனது.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒருவிதம். சில நாளில் அச்சகத்திலிருந்தே கூப்பிட்டார்கள். அச்சடித்துவிட்டார்களாம். காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்ட அவர்களிடம் ஆள் இல்லையாம். தினக்கூலிக்கு வருவாளா என்று கேட்டார்கள். கணவர் வேண்டாம் என்றார். வேண்டாமென்றால் வேறென்ன என்று அவள் கேட்டாள். புது மெஷின் மேல் பழைய போர்வையைப் போர்த்திவிட்டுப் புறப்பட்டாள்.

வேன் கொட்டகையில் வண்டிகள் வரிசையாக நின்றன. கதவில் சோப்புத் தண்ணீர் தெளித்து, தாளை வைத்து, ரப்பர் கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி நீரை வெளியேற்றினாள். அந்தப் பக்கம் வந்த மேனேஜர், நல்லா ஒட்டறீங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பின்னால் தள்ளி நின்று பெயரைப் பார்த்தாள். ஒரு வளைவாவது நெளிந்திருக்காதா, ஒரு இடைவெளியாவது பிசகியிருக்காதா என்று எழுத்து எழுத்தாகத் தேடினாள். ஒரு குறையும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தாள்.