நீர்க்கட்டிக்கு ஒரு டப்பா இனிப்புத் தூள்

மருந்துக்கடைக்காரியிடம் யாரும் ரகசியம் வைப்பதில்லை; அவள்தான் பல உண்மைகளை மென்று விழுங்க வேண்டியிருக்கிறது. மலையகத்து ஹட்டனில், ஒரு மருந்துக்கடையில் ஒன்பது வருஷமாக அதுதான் என் பிழைப்பு. சினைப்பை நீர்க்கட்டியோடு மல்லுக்கட்டும் சகோதரிகளே, இது உங்களுக்காக.

நடக்கச் சொன்ன சீட்டு

வட்டவளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் செல்வராணிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளையில்லை. மாதவிலக்கு அது நினைத்தபோதுதான் வரும். தீபாவளிக்குள் வயிற்றில் ஒன்று தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் சொல்லிவிட்டாராம். கேட்டதும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கிளினிக் சீட்டில் மாத்திரை இருந்தது. கீழே, சீனியைக் குறைக்கவும், தினமும் அரை மணி நேரம் நடக்கவும் என்று எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"கொழுந்தோட மலை ஏறி எறங்குறதெல்லாம் நடையில்லைங்களா மிஸ்?"

பத்து நாளில் தீர்ந்த டப்பா

போனில் பார்த்த சத்துத்தூள் ஒன்றைக் கேட்டாள். கடை முதலாளி, விற்றுவிடு என்பதுபோல் என்னைப் பார்த்தார். சிலருக்கு மாதவிலக்கு சீராகலாம், பிள்ளைக்கு யாரும் உறுதி தர முடியாது என்றேன். அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

ஒரு மாதத்துக்கான டப்பாவை வாங்கிப் போனாள். பத்தாம் நாளே வந்து நின்றாள். தூள் லேசாக இனிக்கும். டொக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னதால், மாமியார் சீனிப் போத்தலை எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் இதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வீடே சீனிக்குப் பதிலாக இதை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டு, பாலில்லாத பிளேன்டீ குடித்திருக்கிறது.

"மாமிக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க. வீட்டுக்காரருதான் இனிப்புப் பத்தலேங்கிறாரு."

அவள் கேட்ட கேள்வி

இரண்டாவது டப்பாவை எடுத்து அவள் முன் வைத்தேன். "நீங்க இத குடிச்சிருக்கீங்களா மிஸ்?" என்றாள்.

எனக்கும் அதே நீர்க்கட்டிதான். கல்யாணமாகி ஏழு வருஷம். கடையில் அந்தத் தூள்கள் அடுக்கியிருக்கும் தட்டில் பாதி என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. முதலாளி பக்கத்தில் நின்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூணு டப்பா குடிச்சேன். பிள்ளையில்லை. கிளினிக்கை விட்டுறாத. வீட்டுக்காரரையும் சோதிக்கணும், கூட்டிட்டுப் போ" என்றேன்.

டப்பாவை அவளே என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப வேணாங்க மிஸ். அவரு வரலேன்னா, 'வேற பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடி ஒங்க மகன டொக்டர் பாக்கட்டும்'னு மாமிகிட்டயே சொல்லிர்றேன்."

உண்மையைச் சொல்லிவிட்ட பெருமையோடு அன்று மாலை வீட்டுக்குப் போய், என்னுடைய நாலாவது டப்பாவைத் திறந்தேன்.