பழைய தெல்தெனியவின் மேல் ஓடிய படகு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ராமையாவின் மகள் சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டாரு சேர். தூக்கத்துலயே போயிட்டாரு," என்றாள். அக்குறணையிலிருந்து தெல்தெனிய போய்ச் சேரும்வரை எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ராமையா என்னைவிட ஐந்து வயது இளையவர். அவருக்கு அப்படி என்ன அவசரம்?

அவருடைய சோலர் படகில் ஏறியவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மகாவலியை மறித்து விக்டோரியா அணை கட்டியபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. போரின் கடைசி ஆண்டுகளில் அந்த நீரின் மேல்தான் அவர் படகு ஓட்டினார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியனான நான் பயணிகளுக்கு விளக்கம் சொல்வேன். அவர் சுற்றியுள்ள மலைகளை அடையாளம் வைத்து, "இதுக்குக் கீழதான் தபால் கந்தோர்" என்று இடம் காட்டுவார். தினமும் காலையில் இராணுவத்தினர் படகின் பற்றரிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். அவர்கள் போனதும், "இதுல வெடிக்கிறது உங்க வாய் ஒண்ணுதான் சேர், அத யாரும் சோதிக்கிறதில்ல," என்பார்.

ஓரிடத்தில் மட்டும் படகை விரட்டுவார். அவருடைய தையல் கடை இருந்த இடம் அது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அதைக் கொள்ளையடித்து எரித்தார்கள். தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது. "இதுவும் வரலாறுதானே, சொல்லுவோம்" என்று எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன்.

"ஊரப் பார்க்க வந்தவங்கள அழவச்சு அனுப்பவா சேர்?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

ஒரு நாள் மழை மூட்டம். பற்றரி இறங்கி, படகு அதே இடத்தில் நின்றுவிட்டது. வெயில் வரும்வரை அசைய வழியில்லை. அன்று வந்தவர்கள் அந்த ஊரில் முன்பு வாழ்ந்த சிங்களவர்கள். "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டார்கள். நான் பொறுக்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொல்லி, கடைக்காரர் இவர்தான் என்று கையையும் காட்டிவிட்டேன். ராமையா என்னை முறைத்தார்.

பின்னால் இருந்த வயதான அம்மா ஒருவர் அழத் தொடங்கினார். "அந்தக் கடைத் தையல் மெஷின் ஒன்று எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, மாத்தையா," என்றார் சிங்களத்தில். "என் வீட்டுக்காரர் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் பள்ளி உடுப்பெல்லாம் அதில்தான் தைத்தேன். திருப்பித் தந்துவிடுகிறேன்."

எனக்கு இரத்தம் கொதித்தது. ராமையாவோ அந்த அம்மாவிடம் சிங்களத்திலேயே கேட்டார்.

"இன்னும் ஓடுகிறதா?"

"ஓடுகிறது. நூல்தான் அடிக்கடி அறுகிறது."

"ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்."

சொன்னபடி போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மெஷினைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு துண்டுத் துணியில் நேராகத் தைத்துக் காட்டினார். அந்த அம்மா எவ்வளவோ கெஞ்சியும் அதை எடுத்துவர மறுத்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தார். "நல்லா வச்சிருக்காங்க சேர்," என்றார். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை அழுதார்.

அவரை எப்போதும் சிரித்த முகமாகவே கண்ட உங்களுக்கு இதை இதுவரை நான் சொன்னதில்லை. இனி என்னிடம் இருக்கும் ராமையா, அந்த பஸ்ஸில் அழுத ராமையாதான்.