ஒரு பல்கலைக்கழகம், இரண்டு கணக்கு

கொழும்பு வளாகம், பேராதனை வளாகம் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு அப்படியே மலைக்கு ஏற முடியுமா என்று இந்த வலைப்பூவைப் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஏப்ரல் விடுமுறையில் நான் அதைச் செய்திருக்கிறேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. என் அப்பா செய்ய வைத்தார்.

முதலில் இளையவர்களுக்கு ஒரு விஷயம். இன்று அவை தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். அன்று இரண்டும் ஒன்றுதான். கொழும்பில்தான் தொடங்கியது. பழைய கல்லூரிக் கட்டடங்களையும் பணக்காரர்கள் வாழ்ந்த பங்களாக்களையும் சேர்த்து வகுப்பறைகள் ஆக்கியிருந்தார்கள். நான் கணிதம் படித்த அறை யாருடையதோ சாப்பாட்டு அறையாக இருந்திருக்க வேண்டும். சுவரில் தட்டு அடுக்கும் மாடம் அப்படியே இருந்தது. அதன் பிறகு பேராதனையில், மகாவலிக் கரையில், பழைய தோட்டக் காணி ஒன்றில் புதிதாகக் கட்டினார்கள். சட்டமும் விவசாயமும் முன்னால் போக, கலைப் பிரிவு நூலகத்தோடு மொத்தமாகக் குடிபெயர்ந்தது. விஞ்ஞானம் மட்டும் ஆய்வுகூடங்களைக் கட்டிக்கொண்டு கொழும்பில் நின்றுவிட்டது. நான் சேர்ந்த சமயத்தில்தான் பேராதனையிலும் விஞ்ஞானம் தொடங்கியிருந்தார்கள். ஆண்டு வாரியாக வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போங்கள். எனக்குத் தெரிந்தது நான் நடந்த பாதை மட்டும்.

நான் கொழும்பில் விஞ்ஞான மாணவி. எங்கள் வீடு றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை, அதாவது மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பாவுக்கு நான், எனக்கு அப்பா, அவ்வளவுதான் குடும்பம்.

கொழும்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. விடுதி அறையில் என்னோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்கள் நல்லவர்கள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். ஆனால் நான் "நாங்க போறோம்ங்க" என்று வாய் திறந்தால் சிரித்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லும் பாப்பம்" என்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் எத்தனை தடவைதான் சொல்லிக் காட்டுவது? நாளாக ஆகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போய், பதுளை வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். எங்கும் போவதற்காக அல்ல. மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கும் தோட்டத்துச் சனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கத்தான். வண்டி போனதும் விடுதிக்குத் திரும்பிவிடுவேன்.

இதையெல்லாம் அப்பாவுக்கு எழுதவில்லை. பேராதனையிலும் எங்கள் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்று மட்டும் ஒரு தபாலட்டையில் எழுதினேன். அது போதுமாக இருந்தது அவருக்கு.

எங்கள் பக்கத்தில் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் 'கணக்கு' என்பார்கள். மேலே இருப்பது மேக்கணக்கு. பள்ளத்தில் இருப்பது பணியக் கணக்கு. பணிய என்றால் கீழே. தோட்டம் ஒன்று, கணக்கு இரண்டு. மேக்கணக்கில் பெயர் உள்ளவர் பணியக் கணக்கில் பெண் கட்டியிருந்தால், ஆபீஸ் வாசலில் போய் நின்று துரையிடம் சொன்னால் பெயரை மாற்றிப் போடுவார்கள். அப்பா தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு அப்படி மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார். தபாலட்டையைப் பார்த்ததும் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விடுமுறை விட்ட அன்று விடியற்காலையில் தகரப் பெட்டியோடு விடுதியை விட்டுக் கிளம்பினேன். வளாகத்தைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். ஆக, கொழும்பு வளாகத்தை அன்று பார்த்தாயிற்று. காவலாளியும் காக்கைகளும் தவிர யாரும் இல்லை. கோட்டையில், விடுமுறைக்கு எப்போதும் போகும் காலை வண்டியைப் பிடித்தேன். மூன்றாம் வகுப்பு டிக்கட் விலை நினைவில்லை. நினைவில்லாததை எழுதுவதில்லை என்பது என் கொள்கை, மற்ற வலைப்பூக்காரர்கள் கவனிக்கவும். பேராதனை வரை எழுபது மைல் இருக்கும். ரம்புக்கனைக்கு மேல் ஏற்றம் தொடங்கும். அங்கிருந்து ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

பேராதனைச் சந்தியில் வண்டி நின்றதும் மேடையில் அப்பா நிற்கிறார். கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, கையில் குடை. பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்க, போகிற அதே நிற்பு. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். எங்களுக்குத்தான் வேறு யாருமில்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது.

"எறங்கு தாயி, எறங்கு. ஆபீசு தொறக்குற நேரமாச்சு" என்றார் ஜன்னல் வழியாக.

"எந்த ஆபீசுப்பா? நீங்க எப்புடி இங்க?"

"ராத்திரி மெயில்ல வந்தேன். விடிஞ்சதும் போயி ஒங்க புதுக் கணக்கப் பாத்துட்டேன். வாச்சர்கிட்ட வெசாரிச்சேன். ஆபீசு தொறந்ததும் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்கன்னாரு. ஒம் பேர இங்க மாத்திக் குடுக்கச் சொல்லிக் கேட்டுருவோம்."

அப்படியெல்லாம் மாற்றமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மாற்றினால் என்ன என்று எனக்கும் தோன்றிவிட்டது. பேராதனை என்றால் மாதத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்குப் போகலாம். கோட்டை நிலையத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. பெட்டியோடு இறங்கிவிட்டேன்.

சந்தியிலிருந்து வளாகம் இரண்டு மைலுக்குள்தான். பஸ் உண்டு. பெட்டி இல்லாதவர்கள் நடக்கலாம். நாங்கள் பெட்டியை ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு நடந்தோம், ஏனென்றால் எனக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்ட அப்பாவுக்கு ஆசை. விடியற்காலையில் ஒருமுறை பார்த்ததை வைத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சைக் கேட்டால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்று நினைப்பீர்கள். கண்டி மாளிகை போலக் கூரை வைத்த கட்டடத்தைக் காட்டி, "இது பெரிய ஆபீசு" என்றார். மரங்களுக்கு நடுவே இருந்த மாணவர் விடுதியைக் காட்டி, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைச் சொல்வது போல, "இது லயம். இம்புட்டுப் பெரிய லயத்துல ஒரு காம்பரா நமக்குக் குடுக்க மாட்டாங்களா?" என்றார். ஒரு சரிவில் நின்று குடை நுனியால் தரையைக் காட்டினார். புல் மூடிக் கிடந்த பழைய வடிகால் ஒன்று மலையை வளைத்து ஓடியது.

"கானு வெட்டியிருக்காங்க பாரு. நம்மாளுங்க வெட்டுன கானு. தோட்டமா இருந்த எடம் தாயி இது."

அந்தக் கானைப் பார்த்ததில் அவருக்கு அப்படி ஒரு தைரியம். தோட்டமாக இருந்த இடத்தில் கேட்டது கிடைக்காமல் போகாது என்று நினைத்துவிட்டார்.

விடுமுறையாதலால் வளாகம் வெறிச்சென்று இருந்தது. நீளமான நடைவழிகளில் எங்கள் செருப்புச் சத்தம் மட்டும். ஆபீசில் வயதான ஒரு சிங்களக் குமாஸ்தா இருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். கொழும்பில் சேர்ந்தவர்கள் கொழும்பிலேயே முடிக்க வேண்டும், இங்கே புதிதாக வருகிறவர்களை மட்டும்தான் எடுக்கிறார்கள் என்று என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் விளக்கினார். நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா நம்பவில்லை. "ரெண்டும் ஒரே தோட்டந்தானுங்களே?" என்று கேட்டார். அவசரத்தில் தமிழில் கேட்டுவிட்டார். நான் அதை மொழிபெயர்த்தேன், 'தோட்டம்' என்ற சொல்லை மட்டும் மாற்றி. குமாஸ்தா சிரிக்கவில்லை. ஒன்றுதான் ஐயா, ஆனால் முடியாது என்றார்.

சரி, முடிந்தது என்று நான் பெட்டியைத் தூக்கினேன். அப்பா நகரவில்லை. குமாஸ்தாவைப் பார்த்துச் சிங்களத்தில் இன்னொன்று கேட்டார். கொழும்பில் இருக்கும் உங்கள் இடத்தில் தோட்ட வேலைக்கு, காவல் வேலைக்கு, எதற்காவது ஆள் எடுப்பார்களா என்று கேட்டார். யாருக்கு என்றார் குமாஸ்தா. எனக்குத்தான் என்றார் அப்பா.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை, எனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நூறு பேரை அதட்டுகிறவர், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தனிமை கொழும்பில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட வேலைக்கு முதலில் பிரசாவுரிமை வேண்டும், இருக்கிறதா என்று குமாஸ்தா கேட்டார். அப்பாவுக்கு இல்லை. சுதந்திரம் வந்த கையோடு கொண்டுவந்த சட்டத்தில், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எங்கள் சனத்தில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போயிருந்தது. விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்களில் அவரும் ஒருவர். "சரிங்க" என்றார். சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா துணியில் முடிந்து கோதுமை ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் சுட்ட ரொட்டி, காய்ந்து விறைத்திருந்தது. மகாவலி அங்கே அகலமாக, சத்தமில்லாமல் போகும்.

"அங்கன ஒனக்கு ஒண்ணும் கொறையில்லையே?" என்றார்.

"ஒரு கொறையுமில்லப்பா. நெறையக் கூட்டாளிங்க இருக்காங்க. ஒங்களுக்கு?"

"எனக்கென்ன? தோட்டம் பூரா சனந்தானே."

இரண்டு பேரும் பொய் சொன்னோம். இரண்டு பேருக்கும் அது தெரியும். எனக்கு அழுகை வந்தது. சம்பல் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிற்பகல் வண்டியில் மலை ஏறினோம். றொசல்லயில் எல்லா வண்டியும் நிற்காது, கேட்டுக்கொண்டு ஏறுங்கள். முப்பது மைல் சொச்சம்தான் தூரம், ஆனால் நாவலப்பிட்டிக்கு மேல் எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதால் மூன்று மணி நேரம் பிடித்தது. வட்டவளையில் மழை பிடித்துக்கொண்டது. அங்கே எப்போதும் மழைதான், குடை இல்லாமல் போகாதீர்கள். வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. எனக்கென்று இருந்த தட்டைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவினேன்.

பேராதனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் போகாதீர்கள். கட்டடங்கள் அழகுதான், மரங்கள் அழகுதான், ஆனால் பிள்ளைகள் இல்லாத வளாகம் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். கொழும்பில் பழைய பங்களா வகுப்பறைகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. ஆற்றங்கரைக்கு மட்டும் இரண்டு தடவை போனேன்.

விடுமுறை முடிந்து நான் கொழும்புக்குக் கிளம்பிய அன்று அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு றொசல்ல மேடைக்கு வந்தார். எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி விறகுக் கட்டோடு அந்த வழியாகப் போனாள்.

"பிள்ள எங்கங்கய்யா கெளம்பிருச்சு, பெட்டியும் கையுமா?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தூரமில்ல. பணியக் கணக்குக்குத்தான்."

பணியக் கணக்குக்கு வேலைக்குப் போனவர்கள் பொழுது சாய வீட்டுக்கு ஏறி வந்துவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். விறகுக் கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். கொழும்பில் ஒருவரும் இல்லையப்பா, நானும் உங்களை மாதிரித்தான் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட வாயைத் திறந்தேன். வண்டி வந்துவிட்டது.

றொசல்லயில் வண்டி ஒரு நிமிடம்கூட நிற்காது. சொல்ல வேண்டியது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.