முழித்திருக்க வந்தவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனைவியைப் பறிகொடுத்த ஒரு வெள்ளைக்கார மனிதரின் கதவை, செத்த மறுநாளே, கையில் ஒரு கட்டுச் சீட்டும் ஒரு பாக்கெட் இஞ்சி பிஸ்கட்டுமாகப் போய்த் தட்டிய மடையன் நான்தான். எங்கள் ஊர் கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில் இதைச் செய்தால் நல்ல பிள்ளை என்பார்கள். இங்கிலாந்தில், பக்கத்து வீட்டு ஜோர்ஜ் என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்தது தெரிந்தது.

முழித்திருப்பதற்கு இத்தனை பேச்சு உண்டென்று இந்த நாட்டுக்கு வந்துதான் அறிந்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், வேலை முடிந்து பிந்திப் போகும் பெண்கள் வீட்டுக்கு போன் போட்டு ‘டோன்ட் வெயிட் அப்’ என்பார்கள். எனக்காகக் காத்திருக்காதே, படுத்துக்கொள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒருத்தி புருஷனிடம் இப்படிச் சொன்னால் மறுநாள் கோயிலடியில் பஞ்சாயத்துக் கூடும். இரவில் தூங்காதவன் ‘நைட் ஔல்’. நம்மூரில் ஒருவனை ஆந்தை என்றால் அடி விழும். பரீட்சைக்குப் படிப்பவன் ‘ஆல் நைட்டர்’ போடுகிறான். நேரம் கடந்து வேலை செய்தால் ‘பர்னிங் த மிட்நைட் ஆயில்’. மேற்பார்வைக்காரம்மா முதல்முறை இதைச் சொன்னபோது, “நோ ஆயில் மேடம், தண்ணி மட்டும்தான்” என்று தரை துடைக்கும் வாளியைக் காட்டினேன். பாவம், அவரும் குனிந்து வாளிக்குள் பார்த்தார்.

ஆனால் செத்தவருக்காக முழித்திருப்பதற்கு அவர்களிடம் எந்தப் பேச்சையும் நான் கேட்டதில்லை. தோட்டத்தில் சாவு விழுந்தால் வீட்டைத் தனியே விடமாட்டோம். லயத்து வாசலில் தறப்பாள் கட்டி, பாலில்லாத சாயத்தண்ணித் தேநீர் ஊற்றி, விடியவிடிய சீட்டு ஆடுவோம். ஆட்டம் சும்மா ஒரு சாக்கு. தூங்காமல் இருக்க வேண்டும், அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் மனிதக் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் அப்பா செத்தபோது என் பாஸ்போர்ட் விசா நீடிப்புக்காக அலுவலகத்தில் கிடந்தது. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. தம்பி வீடியோவில் காட்டினான். மழை. தறப்பாளுக்குக் கீழே மாமாமார். பெருமாள் மாமா போனுக்குள் முகத்தை நுழைத்து, “அங்க இருந்துக்கிட்டு என்னடா பாக்குற? ஆட்டத்துக்கு ஒரு கை கொறையுது, வாடா!” என்றார். வழக்கமான பகிடிதான். யாரும் சிரிக்கவில்லை. மூத்த மகன் இருக்க வேண்டிய தலைமாட்டில் தம்பி ஒற்றையாக உட்கார்ந்திருந்தான். சற்று நேரத்தில் சிக்னல் அறுந்தது. பிறகு நான் வேலைக்குப் போனேன். அன்று யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ‘யெஸ் மேடம்’ என்றேனாம்.

அந்த ஓர் இரவு எனக்கு இன்னும் பாக்கி இருப்பதுபோல ஒரு நினைப்பு. ஜோர்ஜின் கதவைத் தட்டியது அதனால்தான்.

“மார்கரெட் இங்கே இல்லையே,” என்றார் அவர். உடலை அடக்கச் சேவைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

“தெரியும். ஆனால் வீடு இங்கேதானே இருக்கிறது,” என்றேன் என் உடைந்த இங்கிலீஷில்.

அவர் என்னையும் சீட்டுக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “சிட்டிங் அப் வித் மீ?” என்றார், என்னோடு முழித்து உட்கார்ந்திருக்க வந்தாயா என்று. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவருடைய அம்மா கட்டில் பக்கத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாராம். அந்தப் பேச்சை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

உள்ளே போன பிறகுதான் அடுத்த மடத்தனம் வெளியே வந்தது. எனக்குத் தெரிந்த சீட்டாட்டம் ஓமி ஒன்றுதான். அதற்கு இரண்டிரண்டு பேர் கூட்டாளியாக நாலு பேர் வேண்டும். இரண்டு பேர் ஆடும் ஆட்டம் எதையும் நான் கற்கவே இல்லை, நம்மூரில் அதற்குத் தேவை வந்ததில்லை. நாலு பேருக்கும் போட்டு, அவர் இரண்டு கை, நான் இரண்டு கை ஆடினோம். கூட்டாளியின் சீட்டை நானே பார்த்து ஆடியும் தோற்றேன். ஜோர்ஜ் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. நான் பிஸ்கட்டை நீட்டினேன், வேறென்ன செய்ய. பிறகு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அவர் மேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டு, விடியும்வரை கண்ணை மூடாமல் இருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் பின்கதவில் நின்று தம்பிக்குப் போன் எடுத்தேன். அங்கே பத்து மணி வெயில். கொட்டகலை பஸாரில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பேசினான். ஒரு காதில் “ஹட்டன், ஹட்டன்” என்று பஸ்காரன் கத்துவது கேட்டது. மறு காதில் ஜோர்ஜின் குறட்டை. நடந்ததையெல்லாம் சொன்னேன். தோற்ற கதையைக்கூடச் சொன்னேன். முடிக்குமுன்னே அவன் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது.

“அப்பாவுக்கே முழிச்சிருந்த மாதிரி நெனச்சுக்கிட்டேன்டா,” என்றேன்.

“நெனச்சுக்கங்கண்ணே.”