மூன்று பெயர் மாறிய என் வியட்நாம் அணி

இன்று வியட்நாமியக் கடைகள் நிறைந்த ஸ்பிரிங்வேலில் பாண் வாங்கப் போனேன். பேக்கரியில் நின்ற வியட்நாமியப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் போட்டிருந்த ஜெர்சியை எனக்குத் தெரியும்.

நான் இந்தப் பக்கத்தில் எப்போதும் புலம்புகிற அதே வியட்நாம் கேமிங் அணி. ஆனால் ஜெர்சியில் இருந்தது பழைய பெயர். ஸ்பான்சர் மாறும்போதெல்லாம் அந்த அணியின் பெயரும் மாறும். இப்போது இருப்பது மூன்றாவது. அதன் இன்னொரு ரசிகையை நான் நேரில் பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தை விட்டபிறகு வெளியாட்களோடு நான் பேசுவது குறைவு. ஆனால் பேசாமல் திரும்பினால் நாள் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருப்பேன்.

"என்ன வேணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பாண் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பழைய பெயர்தான் வந்தது.

அவள் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "எந்தப் பேரில இருந்து பாக்கிறாய்?"

"ரெண்டாவது. எல்லா மேட்சும் தோத்து, கீழ் லீக்குக்கு விழுந்த வருஷம்."

"நாங்கள் அழுதுபோட்டு டிவியை நிப்பாட்டின வருஷம் அது! அப்பவோ பாக்கத் தொடங்கினனீ? உனக்கென்ன விசரோ?"

விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே திரும்பி வியட்நாமிய மொழியில் ஏதோ கத்தினாள். மாவுக் கையோடு அவளுடைய அம்மா ஓடிவந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். கடையைப் பூட்டிப்போட்டு இங்கதான் பாக்கிறம். நீயும் வா," என்றாள் மகள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆரடி அந்தப் பிள்ளை? என்ன பேர்?" என்றார் அம்மா.

அணியின் மூன்று பெயரும் தெரியும். அவள் பெயரைக் கேட்கவேயில்லை.

நாளைக்கே போக ஒரு நல்ல சாட்டுச் சொல்லுங்கோ. வீட்டில் பாண் நிறைய இருக்கிறது.