முல்லை நட்சத்திரத்தின் காவல்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் என் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. முதுகு புடைத்த கண்ணாடித் திரை, மஞ்சள் ஏறிய பெட்டி, எழுத்து தேய்ந்துபோன பொத்தான்கள். பட்டறை வேலைக்கு ஒல்லியான புதுக் கம்ப்யூட்டர்கள் கீழே ஓடுகின்றன. இதில் ஒரே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று கிழவர்கள் சேர்ந்து வானத்தைப் பங்கு போடுவோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள். ஆளுக்கு ஒன்றிலிருந்து ஆரம்பம். அங்கே ஜனங்களைக் குடியேற்றி, சுரங்கம் தோண்டி, கப்பல் கட்டி, அடுத்த நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். எதிராளி எங்கே என்ன வைத்திருக்கிறான் என்று தெரியாது. நம் கப்பல் பக்கத்தில் போனால்தான் கண்ணில் படும். கடைசியில் வானம் முழுக்க ஒருவன் நிறமாக வேண்டும். என் நிறம் பச்சை.

அப்படி மொத்த வானத்தையும் பச்சையாக்கியவன் நான். அதைச் சொல்லாமல் நான் இறங்கிய கல்யாண வீடு கிடையாது. எங்கள் அப்பாவும் அம்மாவும் திருமுல்லைவாயில் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் துருவல் பெருக்கப் போனேன். பெருக்கியவன் தகடு அடிக்கிற பிரஸ் ஓட்டினேன், ஓட்டியவன் சொந்தமாகப் பிரஸ் வாங்கினேன். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் கட்டுகிற வீடுகளில் பாதிக் கதவுக்கு என் தாழ்ப்பாள்தான். யார் தயவும் கிடையாது. பூமியிலும் சரி, வானத்திலும் சரி, நானாகப் பிடித்த இடம். அப்படித்தான் போன மழைக்காலம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் வந்தபோது பட்டறை சின்னது. விற்றவன் கொசுறாக இந்த ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலம் பேச வருகிற இரண்டு பேருக்கு அதைக் காட்டினேன். ஒருவன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவன், முத்தாபுதுப்பேட்டையில் வீடு. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், டைப்பும் தெரியும். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமே என்பான். உறவு ஒன்றும் இல்லை, பழக்கம். இன்னொருவர் பூந்தமல்லியில் அரிசி மண்டி வைத்திருப்பவர், எங்களுக்கு மூத்தவர், அண்ணாத்தே. வியாபாரத்தில் எப்படியோ ஆட்டத்திலும் அப்படியே. சும்மா உட்காரத் தெரியாது, எந்நேரமும் யாரையாவது அடித்துக்கொண்டே இருப்பார்.

ஒரே கம்ப்யூட்டர், மூன்று ராஜாக்கள். அதனால் ஒரு முறை வைத்தோம். ஒருவன் மாடியில் ஆடும்போது மற்ற இருவரும் கீழே வாசலில் நுணா மரத்தடியில் இருக்க வேண்டும். ஆடி முடித்தவன் மாடிப்படியில் தொங்குகிற தண்டவாளத் துண்டை ஒரு தட்டு தட்டுவான். அடுத்தவன் மேலே போவான். அண்ணாத்தே, மச்சான், நான், இந்த வரிசை. இறங்கி வருகிறவன் முகத்தை மற்ற இருவரும் கூர்ந்து பார்ப்போம். ஆட்டத்தில் பாதி அந்த முகம் பார்ப்பதுதான். நான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே இறங்குவேன், புகையில் முகம் தெரியாது.

அவனவன் ராஜ்ஜியத்துக்கு ஒரு ரகசியச் சொல் உண்டு. அதை அடித்தால்தான் திரை திறக்கும். எனக்கு அன்றைக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மச்சானைக் கூப்பிட்டு, நீயே ஒரு சொல் போடு, எந்தப் பொத்தானுக்கு அப்புறம் எந்தப் பொத்தான் என்று மட்டும் காட்டு என்றேன். அவன் காட்டினான், என் விரல் மனப்பாடம் செய்துகொண்டது. நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். உன் முதல் நட்சத்திரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டான். முல்லை என்றேன், திருமுல்லைவாயிலை நினைத்து. இத்தனை தாழ்ப்பாள் அடித்தவன், என் தாழ்ப்பாளை எதிராளி கையால் போடச் சொல்லியிருக்கிறேன். அன்று அது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த முதல் ஆட்டம் மாதக்கணக்கில் போனது. அண்ணாத்தே இரண்டு பக்கமும் அடித்தார். நான் முல்லையை விடாமல் பிடித்து, மெல்ல மெல்லப் பரவி, கடைசியில் இருவரையும் வென்றேன். அண்ணாத்தே கோபத்தில் ஒரு வாரம் வரவில்லை. மச்சான் மட்டும் கைகொடுத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

அப்புறம் தொழில் பெருகியது, ஆட்டம் நின்றது. மச்சான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வந்து, அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறதா என்று கேட்டான். தூசி துடைத்துப் போட்டோம். ஆட்டம் தொடங்கும்போது வருகிற அந்த இசை வந்ததும் மூன்று பேரும் திரைக்குக் கிட்டே குனிந்தோம். டிண் டிண் என்று ஏழைச் சங்கீதம்தான், ஆனால் அது வந்ததும் பிரஸ் எண்ணெய் வாசனையும் அந்தக் காலத்துப் பசியும் சேர்ந்து வந்தன.

என் மாப்பிள்ளைக்கு இதைப் பார்த்தால் தாங்காது. புது ஆட்டம் ஒன்று கொண்டு வந்து காட்டினான். கப்பல் நிஜம் போலத் திரும்புகிறது, நட்சத்திரம் கொதிக்கிறது. எல்லாம் சரி, ஆனால் எந்நேரமும் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்து, இதை வாங்கு, அதை வாங்கு என்கிறது. கடைக்குள் விட்டு ஷட்டரை இழுத்த மாதிரி இருந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். அவன் போனில் இன்னொன்றும் காட்டினான். எங்கள் ஆட்டத்தை ஆடிய பழைய ஆட்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்களாம், அதுபோல் இனி வராது என்று எழுதி எழுதி ஏங்குகிறார்களாம். அவன் படித்துச் சொன்னான். இவர்களுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு, எங்களுக்கு மட்டும் என்ன லாபம் என்றும் தோன்றியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்கிய ஆட்டத்திலும் எனக்கு முல்லைதான் தலைநகரம், விரலில் இருந்த அதே பழைய சொல்தான் பூட்டு. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, மரத்தடியில் டீ குடிக்கும்போது மச்சான் பேச்சோடு பேச்சாக, உன் பக்கம் இரும்பு குறைகிறதே, சுரங்கத்தைக் கவனிக்கக் கூடாதா என்றான். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். டீ உள்ளே இறங்கிய பிறகுதான் திக்கென்றது. என் இரும்பு இவனுக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு எனக்குச் சோறு ருசிக்கவில்லை. வரிசையை யோசித்துப் பார்த்தேன். மச்சான் ஆடி முடித்ததும் திரையில் என் பூட்டு வந்து நிற்கும். தண்டவாளத்தைத் தட்டுவதற்கு முன்னால் என் சொல்லை அடித்தால் என் ராஜ்ஜியம் முழுக்கத் தெரியும். பார்த்துவிட்டு ஆட்டத்தை மூடித் திரும்பத் திறந்தால் பழையபடி பூட்டுதான் நிற்கும், தடயம் இருக்காது. அவன் எப்போதும் மாடியில் கொஞ்சம் அதிக நேரம் எடுப்பவன். யோசிக்கிறான் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

வாங்க வருகிறவன் எடைக்கல்லைத் தொட்டால்கூடக் கவனிக்கிறவன் நான். பொறி வைத்தேன். முல்லையில் இருந்த கப்பல்கள் எல்லாவற்றையும் கிளப்பித் தூரத்து மூலைக்கு அனுப்பினேன். தலைநகரம் வெறிச்சென்று கிடந்தது. பக்கத்தில் யார் கப்பலும் இல்லை, வெளியிலிருந்து இது யாருக்கும் தெரிய வழியில்லை, என் திரையைத் திறந்தவனுக்குத்தான் தெரியும். மச்சானுக்கும் எனக்கும் ஆட்டத்தில் சமாதானம் இருந்தது, அவன் கப்பல் என் நட்சத்திரத்துக்கு வரலாம். ஆனால் சமாதானத்தை ஒரு பொத்தானில் முறிக்கலாம்.

இரண்டாவது சுற்றில் வந்துவிட்டான். முல்லையைச் சுற்றி அவனுடைய நீலக் கப்பல்கள், வரிசையாக. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அகப்பட்டாயா என்று தனியாகத் திரையைப் பார்த்தே சொன்னேன். கீழே இறங்கி அவன் முகத்தைப் பார்த்தேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சுற்றில் அடிப்பான் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அதற்கு அடுத்த சுற்றிலும் நீலம் அப்படியே நின்றது. பிறகு நான் மேலே போனபோது முல்லையில் ஒரு போர் முடிந்திருந்தது. அண்ணாத்தேயின் சிவப்புக் கப்பல்கள் என் தலைநகரத்தின் மேல் பாய்ந்திருக்கின்றன. குறுக்கே நின்று வாங்கியது நீலம். மச்சானுடைய பாதிப் படை போயிருந்தது. முல்லைக்கு ஒரு கீறல் இல்லை.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து அண்ணாத்தே, மேலே என்ன தூக்கமா என்று குரல் கொடுத்தார்.

நல்லது செய்தான் என்று உடனே நம்புகிற ஆள் நான் இல்லை. சும்மா ஒருவன் எனக்குக் காவல் நிற்பானா? முல்லை அண்ணாத்தே கையில் போய்விடாமல் தனக்கென்று வைத்துக்கொள்கிறானோ என்று நினைத்தேன். ஆனால் அந்த நினைப்புக்குக் கீழே வேறொன்று நெளிந்தது. முதல் ஆட்டத்திலும் முல்லைப் பக்கம் எப்போதும் நீலக் கப்பல்கள் நின்றன. அண்ணாத்தே வரும் வழியில் எல்லாம் நின்றன. அவன் எல்லைக்கு அவன் காவல் என்று விட்டிருந்தேன். அந்த வெற்றி என்னுடையதுதானா? கல்யாண வீடு கல்யாண வீடாக நான் சொன்னது யாருடைய கதை? இது தெரியாமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கீழே பிரஸ் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அதையே கேட்ட மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு என் முறை வந்ததும் முதல் வேலையாக ரகசியச் சொல்லை மாற்றினேன். இப்போது போனில் எழுத்து அடித்துப் பழகியிருக்கிறேன். ஒரு விரலால் தேடித் தேடி, நானே யோசித்த சொல்லை, நானே போட்டேன். தண்டவாளத்தைத் தட்டிவிட்டு இறங்கினேன். அண்ணாத்தே போய் வந்தார். மச்சான் போனான்.

அவன் இறங்கி வரும்போது வேர்க்கடலையைத் தேடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணாத்தே டீக்குச் சொல்லக் கடைப்பக்கம் போகும் வரை காத்திருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"இன்னா மாமே, பூட்ட மாத்திகினியா?"

"மாத்திகினேன். எப்பலேர்ந்துடா பாத்துகினு கீற?"

"நீ போடச் சொன்னியே, அன்னிலேர்ந்து."

மறுக்கவும் இல்லை, தலை குனியவும் இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். அவன் சிரித்தான், அன்றைக்குக் கைகொடுத்தபோது சிரித்த அதே சிரிப்பு.

"அண்ணாத்தே உன்ன மொத மாசமே காலி பண்ணிருப்பாரு. நீ தோத்தா சும்மா இருப்பியா? பொட்டிய தூக்கி எடைக்குப் போட்ருவ. அப்பறம் நானும் அவரும் எங்க போயி ஆடறது, உன் ஊட்ல தான பொட்டி கீது?"

"அப்ப நான் ஜெயிச்சது?"

"ஜெயிச்சது நீதான் மாமே. தோக்காம பாத்துகினது மட்டும் நான்."

அடிக்கலாமா என்றுகூட ஒரு கணம் வந்தது. அவன் சொன்னது பொய்யென்று எடுத்துக்கொள்ளவும் பார்த்தேன். பெட்டிக்காகச் செய்தேன் என்கிறான். வேறு எதற்காவது செய்துவிட்டுப் பெட்டி மேல் பழி போடுகிறானா? அதுவும் தெரியாது. அதற்குள் அண்ணாத்தே டீயோடு வந்துவிட்டார். எங்கள் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னாப்பா, ரெண்டு பேரும் சேந்து எனக்கு எதனா ஸ்கெச்சு போடறீங்களா?"

சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போது புரிந்தது.

மேலே போனேன். நீலக் கப்பல்கள் முல்லையை விட்டுக் கிளம்பியிருந்தன. பூட்டு மாறியதைப் பார்த்தவன், சேமித்து வைத்த தன் முறையை மறுபடி திறந்து, அவற்றைக் கிளப்பிவிட்டுத்தான் கீழே இறங்கியிருக்கிறான். எனக்கு அது பிடித்திருந்தது, வேண்டாம் என்றவன் வீட்டு வாசலில் அவன் நிற்கவில்லை. என் கப்பல்களைத் தூரத்து மூலையிலிருந்து திருப்பிக் கூப்பிட்டேன். வந்து சேரப் பல சுற்றுகள் ஆகும் என்று தெரியும். இருப்பதை வைத்து முல்லையில் கோட்டை கட்டினேன், இரும்பு போதவில்லை. அவன் சொன்னது சரிதான், சுரங்கத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

வெளிச்சம் சாய்வதற்குள் அண்ணாத்தேயின் படை வந்துவிட்டது. நான் ஏறிப் போய்த் திரையைத் திறந்தபோது முல்லை சிவப்பாக இருந்தது. இத்தனை காலத்தில் அந்தப் புள்ளியை நான் வேறு நிறத்தில் பார்த்ததில்லை. என்னிடம் ஓரத்தில் மிச்சமிருந்த நட்சத்திரங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, முறையை முடித்து, ஆட்டத்தைச் சேமித்து, பெட்டியை நிறுத்தினேன். துணியைப் போட்டு மூடினேன்.

தண்டவாளத்தைத் தட்டினேன். கீழே இரண்டு பேரும் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தார்கள். பீடியை விட்டு வெகு நாளாகிறது, மறைத்துக்கொள்ளப் புகை இல்லை. மச்சான் என் கையைப் பார்த்தான், அதில் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

கடைசிப் படியில் நின்று சொன்னேன், அடுத்த ஞாயிறு நேரத்தோடு வந்து சேருங்கள், முல்லையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று. மச்சான் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான். புதுச் சொல் என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.